பாட்டுக்குப் பணிந்த காமிரா

('மீரா' திரைப்படமும் அதன் இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கனும் – ஒரு சுவைப் பாடம்)



சென்ற ஆண்டு விழாவுக்குப் பாடுவோரைத் தேர்ந்தெடுத்தபோது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம். காலை வழிபாட்டில் அவள் குரல் எழும்பினால் பின்வரிசையில் நிற்கும் சிறு பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தனிப்பாடலுக்கு அவள் பெயரை எழுதினேன். மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், எம் பேர எடுத்துருங்க. மேடையில பாடக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

"ஏன்மா?"

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பாட்டுக்காரிங்கிற பேருன்னு அப்பா சொல்றாங்க."

பெயரை அடித்துவிட்டேன். வேறொரு மாணவி பாடினாள், நன்றாகவே பாடினாள். ஆயினும் அந்தப் பட்டியலில் நான் இழுத்த கோடு நெடுநாள் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அந்த வீட்டாரைக் குறைகூற இதை நான் எழுதவில்லை. தம் மகளை நாலுபேர் நாலுவிதமாகப் பேசிவிடக் கூடாதே என்ற அச்சம் அது. அந்த அச்சம் நேற்று முளைத்ததன்று. பெண் பாடலாமா, எங்கே பாடலாம், யார் முன் பாடலாம் என்ற கேள்வியையே கதைப்பொருளாகக் கொண்ட தமிழ்ப்படம் ஒன்று 1945ஆம் ஆண்டு வெளிவந்தது. அதுதான் 'மீரா'. இவ்வாண்டு நம் பள்ளி மண்டபத்தில் மேல்வகுப்பு மாணவியருக்கும், விரும்பி வந்த பெற்றோருக்கும் அப்படத்தைத் திரையிட்டோம். "கறுப்பு வெள்ளைப் படமா, டீச்சர்?" என்று சலித்துக்கொண்டவர்களும் இறுதிவரை எழுந்திருக்கவில்லை. அப்படத்தை எப்படிச் சுவைப்பது, அதை உருவாக்கியவர் யார், அது நமக்கு என்ன சொல்கிறது என்பதைக் காண்போம்.

நம் ஊருக்கு வந்த பிடில்

படத்துக்குப் போகுமுன் நம் எட்டயபுரத்தில் சிறிது நின்று போவோம். எட்டயபுரம் என்றதும் மகாகவி பாரதியார் நம் நினைவுக்கு வருகிறார். அவருக்கு முன்பே இவ்வூர் இசைக்குப் பெயர் பெற்றிருந்தது. கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களை இங்கேதான் கழித்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் இங்கேயே மறைந்தார். அவர் சமாதி இன்றும் நம் ஊரில் இருக்கிறது.

தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாக விளங்கியவர். இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, ஐரோப்பியர் வாசித்த பிடிலைக் கேட்டு மயங்கி, அக்கருவியை ஐரோப்பியர் ஒருவரிடமே கற்றார். பிறகு அதில் நம் இராகங்களை வாசித்துக் காட்டினார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நாம் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பியர் நின்றுகொண்டு, முகவாய்க்கும் தோளுக்கும் இடையே பிடிலைப் பிடித்து வாசித்தனர். நம்மவரோ தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பில் சாய்த்து, மறுமுனையைக் கணுக்காலருகே நிறுத்திக்கொண்டனர். கை தங்குதடையின்றிக் கமகங்களில் ஓடுவதற்கு அது வசதியாயிற்று. கருவி வெளிநாட்டது, ஆனால் நம் பாட்டுக்கு ஏற்ப அது உட்காரக் கற்றுக்கொண்டது!

இன்னொரு செய்தியும் உண்டு. சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அறிஞர், நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதிவைக்கப் பெருமுயற்சி செய்தார். அவர் தூண்டுதலால் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பம் காத்துவந்த கீர்த்தனங்களை எல்லாம் எழுதினார். 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் அப்பெருநூல் 1904இல் இவ்வூரிலேயே அச்சாகி வெளிவந்தது. வெளியிலிருந்து வரும் நல்லதை வாங்கி, அதைத் தன் பாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்வது நம் ஊருக்குப் பழகிய கலை.

பிடிலுக்கு நேர்ந்தது பிற்காலத்தில் இன்னொரு வெளிநாட்டுக் கருவிக்கும் நேர்ந்தது. அதுதான் திரைப்படக் காமிரா. அதை நம் பாட்டுக்கு முன் பணியவைத்தவர்களுள் முக்கியமான ஒருவர், வியப்பு என்னவென்றால், தமிழரே அல்லர்.

தமிழ் அறியாத தமிழ்ப்பட இயக்குநர்

எல்லிஸ் ஆர். டங்கன் 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். அங்கே அவருடன் படித்த இந்திய மாணவர் மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935இல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதங்கள் தங்கிப் போகலாம் என்று வந்தவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தங்கிவிட்டார். அவர் இயக்கிய முதல் படம் 'சதி லீலாவதி' (1936). எம்.ஜி. இராமச்சந்திரன், டி.எஸ். பாலையா ஆகிய இருவரும் திரையில் முதன்முதல் தோன்றியது அப்படத்தில்தான். பிறகு 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'பொன்முடி' (1950) முதலிய படங்களை அவர் இயக்கினார்.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. உரையாடலின் பொருளை ஆங்கிலத்தில் எழுதச் செய்து, உதவியாளர் துணையுடன் நடிகரை இயக்குவார். "மொழி தெரியாதவர் எப்படிப் படம் எடுத்தார்?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை கண்டால் இயக்குநர் என்பவர் யார் என்பதற்கும் விடை கண்டவர்களாவோம்.

நடிகர் நடிக்கிறார், பாடகர் பாடுகிறார், ஒளிப்பதிவாளர் படம்பிடிக்கிறார், வசனகர்த்தா வசனம் எழுதுகிறார். இயக்குநர் என்ன செய்கிறார்? நாம் எதை, எவ்வளவு நேரம், எவ்வளவு அருகிலிருந்து, எந்த ஒளியில் பார்க்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்கிறார். அவர் திரையில் தோன்றுவதில்லை. ஆனால் அவர் கண்ணாலேயே நாம் படம் முழுவதையும் பார்க்கிறோம்.

தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்கள் பெரும்பாலும் மேடை நாடகங்களே. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' பாட்டுகளால் நிரம்பியிருந்தது. நாடகக் கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதுபோல, காமிரா ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நடிகர்கள் எதிரே நின்று பாடிவிட்டுப் போவார்கள். டங்கன் அக்காமிராவை இருக்கையை விட்டு எழுப்பினார். அது நடந்தது; நெருங்கியது; விலகியது. மொழி தெரியாததாலேயே அவர் சொற்களை நம்பிச் சும்மா இருக்கவில்லை. முகத்திலும் கையிலும் ஒளியிலும் கதையைத் தேடினார் எனலாம்.

கதைச் சுருக்கம்

மீரா என்னும் சிறுமி ஆண்டாளின் கதையைக் கேட்டுக் கண்ணனையே தன் மணாளனாக எண்ணி வளர்கிறாள். பருவம் வந்ததும் அவள் விருப்பத்துக்கு மாறாக மேவார் நாட்டு மன்னன் ராணாவுக்கு அவளை மணம்செய்து வைக்கின்றனர். ராணா அவள்மீது அன்புடையவன். அவள் கேட்டதற்கு இணங்கிச் சித்தூரில் கண்ணனுக்கு ஒரு கோயில் கட்டித் தருகிறான். மீரா பெரும்பொழுதையும் அக்கோயிலில் அடியாரோடு பாடிக் கழிக்கிறாள். அரண்மனையில் முணுமுணுப்பு எழுகிறது.

விசயதசமியன்று அரசவை கூடுகிறது. அரசி மன்னன் அருகில் வந்து அமரவேண்டும். புறப்பட்டு வரும் வழியில் மீராவின் காதில் குழலோசை விழுகிறது. திரும்பிக் கோயிலுக்கே போய்விடுகிறாள். மன்னன் அவமதிக்கப்பட்டதாக உணர்கிறான். அவன் தம்பி விக்கிரமன் மீராவை நஞ்சூட்டிக் கொல்ல முயல்கிறான், அவள் பிழைக்கிறாள். அவள் பாட்டின் புகழ் டில்லிவரை எட்டுகிறது. அங்கிருந்து அக்பர் அனுப்பிய முத்துமாலை ஒன்று வந்து சேர, மன்னனின் ஐயமும் சினமும் மிகுகின்றன. முன்பு முத்துக்குளித்துவந்த கரைப்பக்கம் வாழும் நாம் முத்தை மங்கலமாகவே எண்ணிப் பழகியவர்கள். இக்கதையிலோ அதுவே கலகத்துக்கு வித்தாகிறது. கோயிலைப் பீரங்கியால் இடிக்கவும் ஆணை பிறக்கிறது. இறுதியில் மீரா அரண்மனையைத் துறந்து பிருந்தாவனம் சென்று, அங்கிருந்து துவாரகை சேர்கிறாள். கண்ணன் திருமுன் பாடியபடியே உயிர் துறக்கிறாள். தேடி வந்த ராணா காண்பது அவளது உயிரற்ற உடலைத்தான்.

இது வரலாற்றுப் பாடமன்று என்பதை நினைவில் வையுங்கள். மீராபாய் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது உண்மை. அக்பர் பிறந்ததோ 1542இல்தான். ஆகவே மீராவின் புகழ் அக்பர் அவையை எட்டிய கதை காலக்கணக்குக்குப் பொருந்திவரவில்லை. மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதையையே படம் எடுத்துக்கொண்டது. தேர்வில் எழுதும்போது படத்தை மேற்கோள் காட்டிவிடாதீர்கள்!

எப்படிப் பார்ப்பது?

படத்தைச் சுவைக்க நான்கு செய்திகளைக் கவனிக்கச் சொல்வேன்.

முதலாவது, முகம். மீராவாக நடித்துப் பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. படப்பிடிப்புக்கு முன் டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் ஒரு காரியம் செய்தனர். எம்.எஸ். அவர்களின் தலையையும் முகத்தையும் பாரிஸ் சாந்தில் சிலையாக வடிக்கச் செய்தனர். அச்சிலையின்மேல் பல கோணங்களிலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்தனர். எந்தப் பக்கத்து ஒளியில் கண்கள் ஆழமாகத் தோன்றும், எந்தக் கோணத்தில் முகம் அமைதி காட்டும் என்று ஆராய்ந்து முடிவு செய்த பிறகே உண்மையான படப்பிடிப்பு தொடங்கியது. பாட்டுக்குச் சுருதி சேர்ப்பது போன்றதே இது. தம்பூராவை மீட்டிப் பார்க்காமல் யாரும் பாடத் தொடங்குவதில்லை அல்லவா? அண்மைக் காட்சிகளில் மீரா பாடும்போது அவர் முகத்தில் விழும் ஒளியைப் பாருங்கள். ஓர் ஒளியாவது தற்செயலாக விழவில்லை.

இரண்டாவது, காலம். சிறுமி மீராவாக நடித்தவர் தயாரிப்பாளர் சதாசிவத்தின் மகள் ராதா. சிறுமி குமரியாவதை எப்படிக் காட்டுவது? 'பத்தாண்டுகள் கழிந்தன' என்று எழுதிக் காட்டிவிட்டுப் போகலாம். டங்கன் அப்படிச் செய்யவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறுமி மறைந்து இளம்பெண் தோன்றுகிறாள். பாட்டு அறுபடவில்லை; ஆண்டுகள் ஓடிவிட்டன. மீராவின் வாழ்வில் வயது, வீடு, உடை எல்லாம் மாறலாம். பாட்டு மட்டும் மாறாது என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார். படத்தொகுப்பு என்பது வெட்டி ஒட்டும் வேலை மட்டுமன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று உங்களுக்குக் கிடைக்காது.

மூன்றாவது, இடம். உள்காட்சிகள் சென்னை நியூடோன் படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்டன. ஆனால் கோட்டைகளையும் அரண்மனைகளையும் அட்டையில் செய்து நிறுத்தினால் போதும் என்று டங்கனும் சதாசிவமும் எண்ணவில்லை. குழுவினருடன் இராஜபுதனத்துக்கே, அதாவது இன்றைய ராஜஸ்தானுக்கே, சென்றனர். உதய்ப்பூர் மகாராணா தம் அரண்மனையையும் யானை, குதிரைகளையும் படப்பிடிப்புக்குக் கொடுத்து உதவினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இத்தனை தொலைவு போய் எடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். உயர்ந்த கல்மதில்களைக் கண்ட பிறகுதான் அவற்றுக்குள் அகப்பட்ட ஒரு தனிக்குரலின் தவிப்பு நமக்குப் புரிகிறது.

நான்காவது, இசை. இசையமைத்தவர் எஸ்.வி. வெங்கட்ராமன். பாடல்களைப் பாபநாசம் சிவனும் கல்கியும் எழுதினர். 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது. அது இன்றும் வானொலியில் ஒலிக்கும்போது சமையலறையில் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிடும் பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு. பல படங்களில் பாட்டு வந்தால் கதை நின்றுவிடும். இப்படத்திலோ பாட்டைத் தள்ளிவிட்டால் கதையே இல்லை. மீரா பாடுவதுதான் நிகழ்ச்சி. அவள் பாடுவதை மற்றவர் பொறுப்பதும் பொறுக்காததும்தான் நாடகம். இசை நாடகப்படம் என்று சொல்லத் தகுந்தது இத்தகைய படமே.

இங்கே மற்றொன்றும் சொல்லவேண்டும். மீரா பாடத் தொடங்கினால் டங்கனின் காமிரா தன் சாமர்த்தியத்தைக் காட்ட முந்துவதில்லை. பாட்டைக் கேட்கிறது. நல்ல பிடில் வித்துவான் பாடகியின் குரலை மீறாமல் பின்தொடர்வதுபோல அது மீராவைப் பின்தொடர்கிறது. வெளிநாட்டுக் கருவி மறுபடியும் நம் பாட்டுக்கு ஏற்ப உட்காரக் கற்றுக்கொண்டது!

ஐரோப்பாவில் ஒரு துறைமுகம்

இத்தகைய படங்கள் ஐரோப்பாவிலும் உண்டு. பிரெஞ்சு நாட்டில் ஷெர்பூர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. ஜாக் தெமி என்ற இயக்குநர் 1964இல் அவ்வூரைக் களமாகக் கொண்டு 'ஷெர்பூரின் குடைகள்' என்னும் படத்தை உருவாக்கினார். குடைக்கடை வைத்திருக்கும் ஒரு தாயும் மகளும், மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞனும்தான் கதைமாந்தர். இளைஞன் போருக்கு அழைக்கப்படுகிறான். பிரிவும் காலமும் இருவரையும் வெவ்வேறு வாழ்வுக்குக் கொண்டுபோய்விடுகின்றன. கதை இவ்வளவே. ஆனால் படம் முழுவதும் ஒரு சொல்லாவது பேசப்படுவதில்லை. வாடிக்கைக்காரரிடம் கணக்குச் சொல்வதுகூடப் பாட்டுத்தான்! இசையமைத்தவர் மிஷேல் லெகிரான். கான் திரைப்பட விழாவில் அவ்வாண்டின் முதற்பரிசு அப்படத்துக்குக் கிடைத்தது.

பேச வேண்டியதைப் பாடுவதா என்று மேல்நாட்டவர் அதைப் புதுமையாகக் கண்டனர். நம் பகுதியினருக்கு அது புதுமையன்று. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்த காட்டுநாயக்கன்பட்டி நம் தூத்துக்குடிப் பக்கத்து ஊரே. அவர் நாடகங்களில் வள்ளியும் வேலனும் வாதாடுவதே பாட்டில்தான். விடியவிடியக் கேட்டுப் பழகிய மக்கள் நாம். இரு படங்களையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். தெமியின் படத்தில் எல்லாரும் பாடுகின்றனர். ஆகவே பாட்டு அங்கே இயல்பான பேச்சு. 'மீரா'விலோ மீராவின் பாட்டைச் சுற்றிப் பாடாத ஓர் அரண்மனை நிற்கிறது; ஆகவே பாட்டு இங்கே துணிவு.

ராணா கெட்டவனா?

படம் முடிந்ததும் மாணவியரிடம் இதைக் கேட்டேன். "ஆமாம்" என்று பலர் கை தூக்கினர். ஒருத்தி மட்டும் எழுந்து, "இல்ல டீச்சர், கோயில் கட்டிக் குடுத்தாருல்லா?" என்றாள். நல்ல விடை. சித்தூர் வி. நாகையா நடித்த ராணா கொடியவன் அல்லன். மனைவிமேல் அன்பும், ஊர்வாய்க்கு அச்சமும் உள்ளவன். அவள் பாடுவதை அவன் வெறுக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் பாடுவதையே வெறுக்கிறான். விக்கிரமனாக வரும் டி.எஸ். பாலையாவைப் பார்த்தால் நாம் எளிதில் கோபித்துக்கொள்ளலாம். ராணாவைப் பார்த்தால் அப்படி முடிவதில்லை. அவன் நம் வீடுகளில் இருப்பவன். சில வேளைகளில் நாமே அவன்.

மீராவின் பக்கத்திலும் படம் ஒரு கேள்வியை வைக்கிறது. அரசி என்ற கடமையில் தான் தவறியதை அவளே உணர்ந்துதான் அரண்மனையை விட்டு வெளியேறுகிறாள். ஓர் அழைப்பை ஏற்பவர் இன்னொன்றை விடவேண்டியிருக்கிறது. அந்த விலையை அவரே கொடுக்கவேண்டியிருக்கிறது. துறவு வாழ்வை ஏற்ற நம் அருட்சகோதரிகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. படம் பார்த்த அன்று மண்டபத்தில் மிக அமைதியாக இருந்தது அவர்கள் அமர்ந்திருந்த வரிசைதான்.

பாடியவர் கதை

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணை வித்துவாம்சினி. கோயிலையும் இசையையும் சார்ந்து வாழ்ந்த பெண்களின் மரபு அவர்களுடையது. அந்தப் பெண்களின் பாட்டை விரும்பிக் கேட்ட சமுதாயம், அவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத் தயங்கியது. "பாட்டுக்காரி என்ற பேர் எதற்கு?" என்ற சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பேருக்கு அஞ்சினார்களோ அந்தப் பேரையே அவர் தம் வாழ்வால் மாற்றினார்.

அவர் நடித்த தமிழ்ப்படங்கள் நான்கே: 'சேவாசதனம்' (1938), 'சகுந்தலை' (1940), 'சாவித்திரி' (1941), 'மீரா' (1945). 'சாவித்திரி'யில் கிடைத்த ஊதியம் 'கல்கி' இதழ் தொடங்கப் பயன்பட்டது. 1947இல் 'மீரா' இந்தியிலும் வெளிவந்தது. அதில் கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரே திரையில் தோன்றி எம்.எஸ். அவர்களை வடநாட்டு மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதன்பின் எம்.எஸ். நடிப்பை விட்டுவிட்டார், பாட்டை விடவில்லை. 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். இசைவாணர்களுள் அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே.

நம் ஊருக்கும் இக்குழுவினருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழவேண்டும் என்று முன்னின்று உழைத்தவர் 'மீரா'வுக்குப் பாட்டெழுதிய கல்கிதான். 'மீரா' தீபாவளிக்கு வெளிவந்த அதே 1945இல்தான் இராஜாஜி அம்மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1947இல் மண்டபம் திறக்கப்பட்டது. நீங்கள் மணிமண்டபத்தைக் கடந்து பள்ளிக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். மறைந்த நாள் 2004 திசம்பர் 11. அந்தத் தேதி உங்களுக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் பேச்சுப்போட்டியில் சொல்வீர்கள். அது பாரதியின் பிறந்தநாள்.

டங்கன் 1950இல் தாயகம் திரும்பினார். மேற்கு வர்ஜீனியாவில் தங்கி ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்து, 2001இல் காலமானார். தமிழை இறுதிவரை அவர் பேசக் கற்கவில்லை. ஆனால் ஒரு தமிழ்ப்பெண் பாடும்போது எவ்வளவு நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். தமிழ் அறிந்த நம்முள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

முடிவாக

படம் திரையிட்ட அன்று மாலை, நான் முதலில் சொன்ன மாணவி என் மேசையருகே வந்தாள். "டீச்சர், மீரா யார்ட்டயாவது கேட்டுட்டா பாடுனா?" என்றாள். சட்டென்று விடை சொல்ல எனக்கு முடியவில்லை. யோசித்து, "கோயிலுக்குக் கேட்டாள், பாட்டுக்குக் கேட்கவில்லை" என்றேன். சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்று பிறகு நினைத்தேன். பெற்றோர் சொல்லை மீறு என்று எந்த ஆசிரியையும் சொல்லமாட்டாள். ஆனால் கேட்கவே கூடாத ஒன்றைப் பிள்ளைகள் கேட்டுவிட்டதாகவும் நாம் நினைக்கக் கூடாது.

அவளுடைய அம்மாவும் அன்று படம் பார்க்க வந்திருந்தார். வாயிலில் என்னைக் கண்டு, "சின்ன வயசுல இந்தப் பாட்டெல்லாம் நானும் பாடுவேன் டீச்சர். கல்யாணத்துக்குப் பொறவு விட்டுப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறொன்றும் பேசவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கான பட்டியல் என் மேசையில் இருக்கிறது. தனிப்பாடல் என்ற இடத்தில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

சிந்திக்கவும் பேசவும்

1. பிடில் நம் இசைக்கு ஏற்ப மாறியதையும், காமிரா நம் பாட்டுக்கு ஏற்ப மாறியதையும் ஒப்பிட்டுப் பத்து வரிகள் எழுதுக.

2. உங்களுக்குப் பிடித்த ஒரு திரைப்பாடலை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு கேட்காதபோது காமிரா உங்களுக்கு என்ன சொல்கிறது?

3. அதே பாடலைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படம் இல்லாதபோது எது குறைகிறது? எது கூடுகிறது?

4. ராணாவின் நிலையில் நின்று மீராவுக்கு ஒரு கடிதம் எழுதுக. பின்னர் அதற்கு மீராவின் மறுமொழியையும் எழுதுக.

5. (வீட்டில் கேட்டு எழுதுக) உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ முழுமையாகத் தெரிந்த பாட்டு எது? அதை அவர்கள் கடைசியாக எப்போது பாடினார்கள்?